டிஸ்க் போச்சா, கேசிங் போச்சா? லினக்ஸில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால் படிப்படியாகப் பார்ப்பது எப்படி

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் திடீரென்று திறக்காமல் போனால் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: “டிஸ்க் போயிருச்சுங்க. ரெக்கவரிக்குத்தான் கொடுக்கோணும்.” கேட்டவுடன் வயிறு கலங்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பையர் ஓகே சொன்ன டிசைன், கலர் செபரேஷன் ஃபைல், பழைய சீசன் ஆர்டர் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. அதில் ஒன்று லினக்ஸ் மின்ட்டில் நடுநடுவே காணாமல் போக ஆரம்பித்தது. கோளாறு டிஸ்க்கில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் கேசிங்கில்தான் என்று தெரிந்துகொள்வதற்குள் ரொம்பவே அலைந்துவிட்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்பது ஒரே பொருள் இல்லை, இரண்டு. உள்ளே, கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டும் அதே சாதாரண சாட்டா வகை டிஸ்க் இருக்கிறது. வெளியே கேசிங். கேசிங்குக்குள் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றிக் கொடுக்கும் பிரிட்ஜ் சிப் வைத்த சின்ன போர்டு, கனெக்டர், பெரிய டிஸ்க் என்றால் தனி அடாப்டர். டேட்டா இருப்பது டிஸ்க்கில் மட்டும். ஆனால் கேபிள், அடாப்டர், போர்டு எது கெட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: டிஸ்க் வரவில்லை. அதனால்தான் சில நூறு ரூபாயில் தீர வேண்டிய விஷயத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். அதைவிடக் கொடுமை, நல்ல டிஸ்க்கை ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவாகாத சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன். லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றுக்கும் இது பொருந்தும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

1. முதலில் கையை எடுங்கள்

டிஸ்க் திறக்கவில்லை என்றதும் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்போம். விண்டோஸ் என்றால் “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிக் கழற்றிவிடுங்கள். லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற ஆப் ‘தெரியாத பார்ட்டிஷன்’ என்று காட்டினாலும் அங்கே எதையும் உருவாக்காதீர்கள். பிரிட்ஜ் சிப் தப்பான தகவல் கொடுத்தாலும் நல்ல டிஸ்க் காலியாகத்தான் தெரியும்.

எஃப்எஸ்சிகே, என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் போன்ற ரிப்பேர் கட்டளைகளை இப்போதே ஓட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். அவை டிஸ்க்கில் எழுதுபவை. கேசிங் நடுவில் துண்டித்துக்கொள்ளும் நிலையில் அவற்றை ஓட்டினால், ஒழுங்காக இருந்த ஃபைல் அமைப்பும் பாதியில் சிதைந்து போகும்.

காதைப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். டிஸ்க் சீராகச் சுற்றினால் நல்லது. ‘டிக்… டிக்…’ என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே கழற்றுங்கள். கரண்ட் போதாமலும் இந்தச் சத்தம் வரும். ஆகவே 4-ஆம் படியில் சொல்வது போல் வேறு கரண்ட் வழியில் ஒரே ஒரு தடவை பார்க்கலாம். அப்போதும் அடித்தால், அந்த டேட்டாவுக்கு வேறு நகல் இல்லை என்றால், இத்துடன் நிறுத்திவிட்டு நேராக ரெக்கவரி ஆட்களிடம் போங்கள். கீழே விழுந்த டிஸ்க்குக்கும் இதே விதிதான்.

2. பில்லையும் அட்டைப்பெட்டியையும் தேடுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். உங்களிடம் இருப்பது கம்பெனியே மூடிக் கொடுத்த ரெடிமேட் டிஸ்க்கா, தனியாக வாங்கிய கேசிங்கில் போட்ட டிஸ்க்கா என்று பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

ரெடிமேட் டிஸ்க்குக்குப் பொதுவாக 2 அல்லது 3 வருட வாரண்டி இருக்கும். முதுகில் ஒட்டிய சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டால் மீதி எவ்வளவு காலம் என்று காட்டிவிடும். வாரண்டி இருக்கும்போது மூடியைத் திறந்தால் அது போயிற்று. தனி கேசிங் என்றால் வாரண்டி இரண்டு: டிஸ்க்குக்கு ஒன்று, கேசிங்குக்கு ஒன்று. கேசிங்குக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோதான் இருக்கும், ஆனால் அதைத் திறப்பதால் ஒன்றும் ஆகாது.

எடுத்து வைக்க வேண்டியவை: ஜிஎஸ்டி நம்பரோடு உள்ள பில், சீரியல் நம்பர் ஒட்டிய அட்டைப்பெட்டி, டிஸ்க்கின் நாலு பக்கமும் எடுத்த போட்டோ. தெர்மல் பேப்பரில் அடித்த பில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போனில் படமாவது எடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தில் இன்வாய்ஸ் இருக்கும், இறக்கி வையுங்கள்.

வாரண்டியில் வருவது வேறு டிஸ்க். உங்கள் பழைய டிஸ்க் திரும்ப வராது, உள்ளே இருந்த டேட்டாவுக்கும் அவர்கள் பொறுப்பில்லை. டேட்டா முக்கியமா, டிஸ்க் விலை முக்கியமா என்பதை இந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் வரும் படிகள் எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை.

3. கேபிள், போர்ட், பஞ்சு

நிட்டிங் யூனிட், தையல் யூனிட், ஸ்பின்னிங் மில் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்றில் பறக்கும் பஞ்சு யூஎஸ்பி போர்ட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைச் செருகும்போது அது உள்ளே அமுங்கி மெத்தை மாதிரி ஆகி, பிளக் முழுதாக உட்காராது. லேசாக ஆட்டினால் வரும், விட்டால் போகும்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மரக் குச்சியாலோ காய்ந்த மெல்லிய பிரஷ்ஷாலோ மெதுவாக வெளியே எடுங்கள். குண்டூசி கூடாது. மெஷின் துடைக்க வைத்திருக்கும் கம்ப்ரசர் காற்றையும் அடிக்காதீர்கள். அதில் தண்ணீர்த் துளியும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம்.

அடுத்தது கேபிள். போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பலவற்றுக்கு வரும் தட்டையான அகல பிளக்கை மைக்ரோ-பி என்பார்கள். இந்த வகை சீக்கிரம் தளர்ந்துவிடும். அந்த அகல சாக்கெட்டின் பெரிய பாதியில், பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு வந்த சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிள் அப்படியே பொருந்தும். வேகம் யூஎஸ்பி 2 அளவுக்குக் குறையும், அவ்வளவுதான். அதில் செருகினால் டிஸ்க் ஒழுங்காக வருகிறதா? அப்படியென்றால் உங்கள் டிஸ்க் நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சந்தேகம் அகல கேபிள் மேலோ கேசிங்கின் யூஎஸ்பி 3 பகுதி மேலோ போகிறது. ஒரு எச்சரிக்கை: சார்ஜ் ஏற மட்டும் செய்த மலிவுக் கேபிள்களுக்குள் டேட்டா வயரே இருக்காது. போனை அந்தக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போட்டோ காப்பி ஆகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டில் நேராக இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். நடுவில் ஹப், எக்ஸ்டென்ஷன் கேபிள் எதுவும் வேண்டாம்.

4. கரண்ட்

நான் பார்த்த கேசிங் பிரச்சினைகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2.5 இஞ்ச் டிஸ்க் யூஎஸ்பி கேபிளிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி 2 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் என்றால் 900. தோட்டத்துக் கிணற்று மோட்டார் கிளம்பும்போது கரண்டை அதிகமாக இழுப்பது போல, டிஸ்க்கும் சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் 1 ஆம்பியர் வரை கேட்கும். பழைய லேப்டாப், நீளமான கேபிள், மெல்லிய வயர் மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வோல்டேஜ் இறங்கிவிடும். டிஸ்க் சுற்றத் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாகவோ இரண்டு பிளக் உள்ள ஒய் கேபிள் வழியாகவோ இணைத்துப் பாருங்கள்.

3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். அது தனி அடாப்டரில் வருகிறது. பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர். இந்த அடாப்டர்தான் கேசிங்கில் முதலில் சோர்ந்து போகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு “12 காட்டுது, நல்லாத்தான் இருக்குது” என்று எலக்ட்ரீசியன் சொன்னாலும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டும் வயதான அடாப்டர், டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் 10-க்குக் கீழே கூட இறங்கலாம். அதே அளவுள்ள வேறு அடாப்டர் ஒன்றை மாற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

மாற்றும்போது பெரிய பொறி ஒன்று உண்டு. வீட்டு ஃபைபர் பாக்ஸ் அடாப்டரின் பின் இந்தக் கேசிங்கில் அழகாகப் பொருந்தும். வோல்ட்டும் 12-ஆகத்தான் இருக்கும். ஆம்பியரைப் பார்த்தால் பெரும்பாலும் 1 அல்லது அதற்கும் குறைவு; டிஸ்க்குக்குப் போதாது. சில லேப்டாப் அடாப்டர்களின் பின்னும் பொருந்தும், ஆனால் அவை 19 வோல்ட். செருகினால் போர்டோடு டிஸ்க்கும் கருகிவிடும். வோல்ட் அதேதானா, ஆம்பியர் அதற்குச் சமமோ மேலோ, நடுப் பின் பிளஸ்ஸா என்ற மூன்றையும் லேபிளில் படித்த பிறகுதான் செருக வேண்டும்.

அப்புறம் இன்வெர்ட்டர் விஷயம். கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் கரண்ட் விட்டு விட்டு வருவது நமக்குப் பழக்கம். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடும், டிஸ்க் அடாப்டரோ சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் ஒரு நொடி போனாலும் கம்ப்யூட்டர் அசையாது, டிஸ்க் மட்டும் செத்துப் பிழைக்கும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் போகும். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மட்டும்தான் என்றால் அதன் பின்னால் யூபிஎஸ் மோடுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்த மோடில் கரண்ட் மாறும் நேரம் குறைவு.

5. கர்னலிடம் கேளுங்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், செருகும் கருவிகளைப் பற்றி வரி வரியாகச் சொல்லும். லினக்ஸில் இருப்பதன் பெரிய லாபம் இந்தப் படி. டெர்மினலைத் திறந்து சுடோ டிஎம்இஎஸ்ஜி என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு மைனஸ் குறியும் டபிள்யூ எழுத்தும் ஒட்டிப் போட்டு என்டர் அடியுங்கள். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். பழைய வரிகள் ஓடி முடிந்து நின்றதும் டிஸ்க்கைச் செருகுங்கள். இனி வரும் வரிகள்தான் சாட்சி. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டிக்குக் கேட்கும்போதும் உதவும். நிறுத்துவதற்குக் கண்ட்ரோலும் சி-யும்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் கேசிங்கையே பார்க்கவில்லை. டிஸ்க் கெட்டிருந்தாலும் பல பிரிட்ஜ் சிப்புகள் தங்களையாவது அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆகவே சந்தேகம் கேபிள், போர்ட், போர்டு மேல்.

‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்’ என்று தொடங்கி எரர் மைனஸ் 110 அல்லது மைனஸ் 71 என்று முடிந்தால் இதுவும் டிஸ்க்கை எட்டாத கோளாறு. 110 என்றால் கேட்டதற்குப் பதில் வர நேரமாகிவிட்டது. 71 என்றால் பதில் குழம்பி வந்தது. 3, 4 படிகளை மறுபடி பொறுமையாகச் செய்யுங்கள். தீரவில்லை என்றால் போர்டு.

கேசிங்கின் பெயர் வருகிறது, ஆனால் டிஸ்க்கின் அளவு வரவில்லை, அல்லது பூஜ்யம் என்று காட்டுகிறது. பிரிட்ஜ் உயிரோடு இருக்கிறது, உள்ளே டிஸ்க்கோடு பேச முடியவில்லை. கனெக்டர் தளர்ந்திருக்கலாம், 12 வோல்ட் வராமல் இருக்கலாம், டிஸ்க்கே போயிருக்கலாம். இதற்கு 8-ஆம் படி.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று வந்து, அடுத்த நொடியே புதிய டிவைஸாகத் திரும்பி வந்தால் கேபிளோ கரண்டோதான். ‘ரீசெட் சூப்பர்ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ என்ற வரி அடுக்கடுக்காக வந்து, காப்பி அரை நிமிடம் உறைந்து, மறுபடி ஓடினால் அடுத்த படிக்குப் போங்கள். ‘ஓவர் கரண்ட்’ என்று பார்த்தால் உடனே பிடுங்குங்கள், எங்கோ ஷார்ட்.

‘மீடியம் எரர்’, ‘அன்ரிகவர்ட் ரீட் எரர்’ என்ற சொற்கள் வந்தால் மட்டும் கேசிங்கைத் திட்டாதீர்கள். அது டிஸ்க்கின் பரப்பே தேய்ந்ததற்கான அறிகுறி. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு 9-ஆம் படிக்குத் தாவுங்கள்.

இன்னொரு கட்டளை எல்எஸ்யூஎஸ்பி. அதோடு மைனஸ் டி (ட்ரீ என்பதன் முதல் எழுத்து) சேர்த்தால் எந்தக் கருவி எந்த வேகத்தில், எந்த டிரைவரில் ஓடுகிறது என்று மரம் மாதிரி காட்டும். நீல நிற போர்ட்டில் யூஎஸ்பி 3 கேசிங்கைச் செருகியும் 5000எம் வராமல் 480எம் வருகிறதென்றால் கேபிளோ பிளக்கின் தொடர்போ சரியில்லை.

6. யூஏஎஸ் தகராறு

எல்எஸ்யூஎஸ்பி மரத்தில் உங்கள் டிஸ்க் இருக்கும் வரியில் டிரைவர் என்பதற்கு எதிரே யூஏஎஸ் என்று இருக்கிறதா பாருங்கள். யூஎஸ்பி வழியாக டிஸ்க்கோடு டேட்டா பரிமாறும் முறை இது, பழைய யூஎஸ்பி-ஸ்டோரேஜ் முறையை விட வேகமானது. கர்னல் பக்கம் கோளாறு இல்லை. சில பிரிட்ஜ் சிப்புகளின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இந்த முறையை அரைகுறையாகச் செய்து வைத்திருக்கிறது. சின்ன ஃபைல்கள் போகும். பெரிய காப்பி ஓடும்போது ரீசெட் ஆகும். விண்டோஸில் ஒழுங்காக ஓடும் டிஸ்க் லினக்ஸில் மட்டும் தடுமாறினால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சும்மா எல்எஸ்யூஎஸ்பி என்று மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு கருவிக்கும் ஐடி வரும், நடுவில் முக்காற்புள்ளி (:) வைத்த இரண்டு துண்டு. முதல் துண்டு சிப் செய்தவரைச் சொல்லும்: ஜேமைக்ரான் என்றால் 152டி, ஏஎஸ்மீடியா என்றால் 174சி. கேசிங் கம்பெனி சொந்த ஐடி போட்டிருந்தால் வேறாக இருக்கும், பரவாயில்லை. உங்கள் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தடவைக்கு மட்டும் யூஏஎஸ்ஸை அணைத்துப் பார்ப்போம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது, எதை ஓட்டுவது என்று கேட்டு வரும் கிரப் மெனுவில் இ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் நீள வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, யூஎஸ்பி-ஸ்டோரேஜ், புள்ளி, குவிர்க்ஸ் (க்யூ, யூ, ஐ, ஆர், கே, எஸ்), சமக்குறி, உங்கள் ஐடி, முக்காற்புள்ளி, யூ என்று நடுவில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். எஃப்10 அழுத்தினால் கிளம்பும். இப்போது மரத்தில் யூஏஎஸ்ஸுக்குப் பதில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று இருக்க வேண்டும். 20 ஜிபி போல ஒரு பெரிய காப்பியை, டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு, ஓட்டிப் பாருங்கள்.

ரீசெட் வரவில்லை என்றால் நிரந்தரமாக்கலாம். இடிசி ஃபோல்டருக்குள் மோட்புரோப்.டி என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதில் .கான்ஃப் என்று முடியும் புதிய ஃபைல் ஒன்றில் ஒரே ஒரு வரி: ஆப்ஷன்ஸ், இடைவெளி, யூஎஸ்பி-ஸ்டோரேஜ், இடைவெளி, குவிர்க்ஸ், சமக்குறி, ஐடி, முக்காற்புள்ளி, யூ. பிறகு சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யூ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். சுற்றும் டிஸ்க்கில் அது பெரிதாகத் தெரியாது, எஸ்எஸ்டியில் தெரியும்.

7. டிஸ்க்கின் ஜாதகம்

ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். எல்எஸ்பிஎல்கே கொடுத்து உங்கள் டிஸ்க் எஸ்டிபியா எஸ்டிசியா என்று அளவை வைத்து உறுதிசெய்துகொண்டு, சுடோ ஸ்மார்ட்சிடிஎல், மைனஸ் ஏ, மைனஸ் டி (டிவைஸ் என்பதன் முதல் எழுத்து), சாட் (எஸ், ஏ, டி) என்று இடைவெளி விட்டுத் தட்டி, அப்புறம் சாய்கோடு, டெவ், சாய்கோடு, டிஸ்க் பெயர் நான்கையும் ஒட்டித் தட்டுங்கள். டெர்மினல் பிடிக்காதவர்கள் ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் ஆப்பை நிறுவிப் பார்க்கலாம்.

‘அன்னோன் யூஎஸ்பி பிரிட்ஜ்’ என்று வந்தால் டிஸ்க் கெட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சிப்பை இந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. மைனஸ் டி சாட் விட்டுப்போயிருக்கும்.

நான்கு வரிகள் போதும். 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகளின் கடைசி மதிப்பு பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கின் பரப்பு இதுவரை நன்றாக இருக்கிறது. 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, உடனே காப்பி எடுங்கள். 199-ஆம் வரி வேறு கதை சொல்கிறது: டிஸ்க்குக்கும் பிரிட்ஜ் போர்டுக்கும் நடுவில் டேட்டா சிதைந்த எண்ணிக்கை அது. 199 மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூஜ்யம் என்றால் கோளாறு கனெக்டரிலோ போர்டிலோ இருக்கிறது. இந்த எண் ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய மதிப்பை எழுதி வைத்து, ஒரு பெரிய காப்பிக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.

8. கழற்றி வேறு கேசிங்கில்

வாரண்டி இல்லை, அல்லது கேசிங் தனியாக வாங்கியது என்றால் இதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. டெஸ்க்டாப் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டின் சாட்டாவில் மாட்டுங்கள், ஒரு பைசா செலவில்லை. லேப்டாப் மட்டும்தான் என்றால் நண்பரின் கேசிங்கையோ சாட்டா-யூஎஸ்பி கேபிளையோ கடன் வாங்குங்கள்.

கிளிப் போட்டு மூடியதை நெம்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டு போதும். டிஸ்க்கைக் கனெக்டரிலிருந்து நேர்கோட்டில் இழுங்கள், மேல்நோக்கி மடக்கினால் கனெக்டர் உடையும். திறப்பது கேசிங்கை மட்டும்தான். டிஸ்க்கின் சொந்த மூடியில் இருக்கும் ஸ்க்ரூவை யாரும் தொடக் கூடாது, எந்தக் கடைக்காரரையும் தொட விடாதீர்கள்.

இங்கே நான்கு பொறிகள் இருக்கின்றன.

சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். உள்ளே சாட்டா கனெக்டரே இருக்காது. திறந்து பார்த்து அப்படியிருந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், மை புக் வரிசைகளில் பல மாடல்களில் பிரிட்ஜ் சிப்பே டேட்டாவைப் பூட்டி எழுதும், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும். டிஸ்க்கை வெளியே எடுத்தால் குப்பைதான் தெரியும். அதே வகை போர்டு வேண்டும். பழைய போர்டைத் தூக்கி எறியாதீர்கள்.

சில கேசிங்குகள் பெரிய டிஸ்க்கின் செக்டாரை, அதாவது டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டை, 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். அதில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வேறு கேசிங்கில் போட்டால் காலியாகத் தெரியும். டேட்டா அப்படியேதான் இருக்கிறது. பழைய மாடல் கேசிங்கையே தேடிப் பிடியுங்கள். அதில் போட்டால் திரும்ப வந்துவிடும்.

மிகப் பழைய கேசிங்குகள் 2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாதவை. 3 டிபி டிஸ்க் அதில் சுமார் 800 ஜிபியாகத் தெரியும். அதில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம், இருக்கும் டேட்டா மேலேயே எழுதிவிடும்.

9. காப்பி எடுப்பது

டிஸ்க் வேறு வழியில் வந்துவிட்டதா? உடனே காப்பி. தேய்ந்த டிஸ்க்காக இருந்தால் ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடாதீர்கள். ஜிடிடிரெஸ்க்யூ என்ற பேக்கேஜில் வரும் டிடிரெஸ்க்யூ, படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். மேப் ஃபைல் ஒன்றின் பெயரும் கொடுத்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், இரண்டாவது புதிய இடம். இந்த வரிசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் டேட்டா மேல் எழுதப்படும். என்டர் அடிக்கும் முன் எல்எஸ்பிஎல்கே காட்டும் அளவோடு இன்னொரு தடவை ஒப்பிடுங்கள்.

நேரக் கணக்கு: 1 டிபி நல்ல டிஸ்க், யூஎஸ்பி 3-இல் மூன்று மணி நேரம் போல ஆகும். யூஎஸ்பி 2-இல் எட்டு ஒன்பது மணி நேரம். தேய்ந்த டிஸ்க் நாள் கணக்கில் இழுக்கும். சிமெண்ட் அட்டை போட்ட அறையில் சித்திரை வெயிலில் ஓட்ட வேண்டாம். இரவில், ஃபேன் காற்று படும்படி வைத்து ஓட்டுங்கள்.

சாதாரணக் காப்பியிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் காப்பியை முதலில் மெமரியில் வாங்கிக்கொண்டு பிறகுதான் டிஸ்க்கில் எழுதும். திரையில் 100 சதவீதம் காட்டிய பிறகும் எழுதிக்கொண்டிருக்கும். ஈஜெக்ட் கொடுத்தால் நேரம் எடுக்கிறதே, கேசிங் கெட்டுவிட்டதோ என்று பிடுங்கிவிடாதீர்கள். ‘இனி எடுக்கலாம்’ என்று சொல்லும்வரை காத்திருங்கள்.

10. செலவு, வாங்குவது, வாரண்டிக்குப் போவது

கோவை காந்திபுரம் பக்கக் கம்ப்யூட்டர் கடைகளிலும் ஆன்லைனிலும் நான் விசாரித்த விலைகள் தோராயமாக: மைக்ரோ-பி கேபிள் 150 முதல் 300 ரூபாய், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 200 முதல் 400, 2.5 இஞ்ச் கேசிங் 400 முதல் 1000, அடாப்டரோடு 3.5 இஞ்ச் கேசிங் 1500-க்கு மேல். ரெக்கவரி ஆட்கள் ஐயாயிரத்தில் ஆரம்பித்து, டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்றால் பல மடங்கு கேட்பார்கள். பார்த்துச் சொல்ல மட்டும் எவ்வளவு, டேட்டா வராவிட்டால் எவ்வளவு என்று டிஸ்க்கைக் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

கேசிங் வாங்கும்போது டிஸ்க்கின் தடிமனைச் சொல்லிக் கேளுங்கள். 2.5 இஞ்ச் கேசிங்குகள் பொதுவாக 9.5 மில்லிமீட்டர் வரைதான் வாங்கும். 4 டிபி, 5 டிபி டிஸ்க் பல 15 மில்லிமீட்டர். எந்தப் பிரிட்ஜ் சிப் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அதை வாங்குவேன், போடாததைத் தவிர்ப்பேன். பஞ்சு பறக்கும் இடத்துக்கு ஓட்டை ஓட்டையாக உள்ள மாடல் வேண்டாம். மூடிய அலுமினிய கேசிங் சூட்டையும் வெளியே தள்ளும்.

வாரண்டிக்குக் கொடுக்கும்போது பில் நகல், சீரியல் நம்பர் படம், கர்னல் வரிகளின் படம் மூன்றையும் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். “லினக்ஸில் ஓட்டியதால் கெட்டுவிட்டது, வாரண்டி கிடையாது” என்று கவுண்டரில் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் பேச்சு மாறும். மாறாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிய பில்லும் ரசீதும் கையில் இருக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

புதிய கேசிங் வந்ததும் அதில் உடனே முக்கிய டிஸ்க்கை மாட்டாதீர்கள். ஏதாவது பழைய டிஸ்க்கைப் போட்டு, டிஎம்இஎஸ்ஜி ஓடும் டெர்மினலைத் திறந்து வைத்தபடி, நூறு ஜிபியாவது இடைவிடாமல் காப்பி செய்து பாருங்கள். ரீசெட் என்ற வரி ஒன்று வந்தாலும் கடைக்காரர் திரும்ப வாங்கும் நாட்கள் முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.